போர் போடச் சொன்னேன்

சத்தியம், தம்பி. இந்த டிக்கெட்டின் மேல் சத்தியம். சிரிக்காதீர்கள். ஆயுசு முழுக்கக் கண்டக்டராக இருந்தவன் டிக்கெட்டின் மேல் அடிக்கிற சத்தியம், கற்பூரத்தை அணைத்து அடிக்கிற சத்தியத்துக்கு ஒரு படி மேலே. நான் சொல்லப்போவதில் ஒரே ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் இந்த பஸ்ஸின் நாலு சக்கரமும் இந்த நிமிஷமே கழன்று காட்டுக்குள் ஓடட்டும். ஓடவில்லை, பார்த்தீர்களா? ஆறு சக்கரம் என்கிறீர்களா? சரி, ஆறும் ஓடட்டும்.

நான் ஒட்டுக்கேட்கவில்லை. கழுகுமலையிலிருந்து நீங்கள் போனில் பேசிய பேச்சு டிரைவர் வரைக்கும் கேட்டது. பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். புகை தள்ளுகிறது. எஞ்சினை நாமே பிரித்து வேலை பார்த்துவிடலாமா, இல்லை மெக்கானிக்கிடம் விடலாமா என்று சிநேகிதரைக் கேட்டீர்கள். இதற்கு முன்னால் ஸ்பானரே பிடித்ததில்லை என்றும் சொன்னீர்கள். அவர் என்ன பதில் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. ஆனால் அதே கேள்வியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்துகொள்ளுங்கள். சத்தமாகச் சொல்ல முடியாது. முன்னால் லேடீஸ் சீட்டில் ஊதாப் புடவை தெரிகிறதா? அவள்தான் என் வீட்டுக்காரி, செண்பகவல்லி. எஞ்சின் இரைச்சலில் இவ்வளவு தூரத்துக்கு அவளுக்குக் காது எட்டாது. இருந்தாலும்.

என்னிடமும் ஒரு கார் இருந்தது. அம்பாசிடர். இருந்தது என்றா சொன்னேன்? இருக்கிறது. எந்த நிலைமையில் இருக்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

மாமனாருடைய கார் அது. அவர் கோயில்பட்டியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். லாரி எஞ்சின், பம்புசெட்டு எஞ்சின் எல்லாம் வயிற்றைத் திறந்துகொண்டு அங்கேதான் வரிசையில் கிடக்கும். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. செண்பகவல்லி பிறந்ததும் வளர்ந்ததும் பள்ளிக்கூடப் பாடம் படித்ததும் அந்த இரும்புச் சத்தத்துக்கு நடுவில்தான். ஆனால் பெண்பிள்ளை, பாவம். அவள் காதில் அதெல்லாம் எங்கே ஏறியிருக்கப் போகிறது? மாமனார் போன பிறகு கார் எங்களிடம் வந்தது. அவர் கையில் இருந்தவரை தும்மல்கூடப் போடாத வண்டி, என் கையில் வந்ததும் சுருட்டு பிடிக்க ஆரம்பித்தது.

புகை என்றால் நீங்கள் நினைக்கிற புகை இல்லை. நாங்கள் இருப்பது ஊருக்கு வெளியே புதுத் தெரு. அந்தத் தெருவில் கொசுவே கிடையாது. என் காரை ஸ்டார்ட் பண்ணின முதல் வாரத்திலேயே கொசு எல்லாம் குடும்பம் குடும்பமாக வெளியேறிவிட்டது. பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து என்னைக் கூப்பிட்டுப் போய், அவர்கள் வாசலிலும் ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்வார்கள். டிக்கெட்டின் மேல் சத்தியம். அப்படியே ஒரு நாள் ஷெட்டுக்குள் வந்து நின்ற வண்டி, நின்றதுதான்.

நின்றது தப்பில்லை, தம்பி. நின்ற இடம்தான் தப்பு.

தெருவில் குழாய் இன்னும் வரவில்லை. லாரித் தண்ணீர்தான். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஹாரன் கேட்டால் செண்பகவல்லி அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுக் குடத்தோடு ஓடுவாள். வீட்டு வளவிலேயே ஒரு ஆழ்குழாய்க் கிணறு போடுங்கள் என்று அவள் கேட்காத நாள் இல்லை. அவள் நச்சரிப்பு தாங்காமல்தான் நீரோட்டம் பார்க்கிற ஆளைக் கூட்டி வந்தேன். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு அந்த மனுஷன் வளவு முழுக்க நடந்தான். தேங்காய் சும்மா படுத்துக் கிடந்தது. ஷெட்டுப் பக்கம் வந்தான். தேங்காய் எழுந்து நின்றது. நின்றதோடு விட்டதா? கையிலிருந்து குதித்து என் கார் பானெட்டின் மேலேயே போய் விழுந்தது. நசுங்கின இடம் இன்னும் இருக்கிறது, வாருங்கள் காட்டுகிறேன்.

"இதுக்கு அடியிலதான் அண்ணாச்சி. வண்டிய எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

எங்கே எடுப்பது? எப்படி எடுப்பது? ஹேண்ட் பிரேக் பிடித்துக்கொண்டு துருவேறிவிட்டது. டயர் நாலும் மண்ணோடு ஐக்கியமாகிவிட்டது. தள்ளிவிடலாம் என்றார்கள். மாமனார் ஓட்டிய வண்டியை நாலு பேர் தள்ளிக்கொண்டு தெருவில் போவதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டுமா? என் சர்வீஸில் எத்தனை பஸ்ஸைத் தள்ளச் சொல்லி ஜனங்களை இறக்கியிருக்கிறேன். தள்ளுகிறவன் என்ன பேசுவான் என்று எனக்குத் தெரியாதா? வண்டி நகர்ந்தால் தன் எஞ்சினில் நகர வேண்டும். இல்லையென்றால் வேண்டாம். இப்படி எல்லார் முன்னாலும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். செண்பகவல்லியின் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, அந்த எஞ்சினை நானே பிரித்து நானே பூட்டப் போகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். பாயசம் நன்றாக இருந்தது, அந்த வேகத்தில்.

அங்கிருந்துதான் என் கஷ்டகாலம். செய்யலாமா, வேண்டாமா? உங்கள் கேள்விதான்.

காலையில் எழுந்தால் செய்யலாம் என்று தோன்றும். ஏன் முடியாது? அந்தக் காலத்து பஸ்ஸில் எஞ்சின் டிரைவருக்குப் பக்கத்திலேயே, உள்ளேதான் இருக்கும். அதன் மூடியில் டீயை வைத்தால் ஆறவே ஆறாது. ஆயுசு முழுக்க அதன் பக்கத்தில் நின்றவன் நான். டிரைவர் ஓட்டினான், நான் கேட்டேன். சத்தத்தை வைத்தே இது கிளட்ச், இது பேரிங் என்று சொல்லிவிடுவேன். ஒரு தடவை எஞ்சின் சத்தத்தை வைத்தே டிரைவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி என்று சொன்னேன். அவன் வாயைத் திறந்து காட்டினான். சரியாக அதே பல். இவ்வளவு தெரிந்தவனுக்கு ஒரு அம்பாசிடர் எஞ்சின் பெரிய விஷயமா?

சாயங்காலம் ஆனால் வேண்டாம் என்று தோன்றும். ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போவேன். பானெட்டைத் தூக்குவேன். உள்ளே பார்ப்பேன். அது என்னைப் பார்க்கும். எங்கே ஆரம்பிப்பது? எந்த நட்டைக் கழற்றினாலும் அதன் பின்னால் ஏதோ ஒன்று விழக் காத்திருப்பது போலவே இருக்கும். பானெட்டை மூடிவிட்டு, ஸ்பானரைத் துடைத்துவிட்டு வந்துவிடுவேன். துடைத்துத் துடைத்தே அந்த ஸ்பானர் இளைத்துவிட்டது.

மருமகன் தென்காசியிலிருந்து போனில் வீடியோவெல்லாம் அனுப்பினார். யாரோ ஒரு வடக்கத்திக்காரன், வெள்ளைச் சட்டை, ஒரு சொட்டு கிரீஸ் படாமல், நம் வீட்டில் இட்லி வேகிற நேரத்துக்குள் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிவிடுகிறான். அவன் வீட்டில் ஒரு போல்ட்டாவது கட்டிலுக்கு அடியில் உருண்டு போகிறதா? போவதில்லை. அதைப் பார்த்தால் தைரியம் வரும். போனை அணைத்தால் தைரியமும் அணைந்துவிடும்.

சரி, தெரிந்தவனைக் கேட்போம் என்று ஞானதிரவியத்திடம் போனேன். மெக்கானிக். பழைய சிநேகிதன். மாமனார் பட்டறையில் தொழில் கற்றவன், அதனால் செண்பகவல்லியை இன்னும் முதலாளி மகள் என்றே மரியாதையாகப் பார்ப்பான். அவன் கையில் இருந்த டீயைக் கீழே வைக்காமலே சொன்னான்:

"பிரிங்க அண்ணாச்சி. பிரிக்கிற அன்னைக்கு எல்லாரும் மெக்கானிக்தான். திரும்பப் பூட்டுற அன்னைக்கு மட்டும் என்னைத் தேடாதீங்க. நான் ஊர்ல இருக்க மாட்டேன்."

அப்படியானால் நீயே செய்து கொடேன் என்றேன். பந்தியில் நான் பேசினது அவனுக்கும் எட்டியிருந்தது. "ஊரே உங்க கையத்தான பாத்துக்கிட்டு இருக்கு. அதுல நான் எப்படி கைய வைக்க?" என்றான். நியாயம்தானே?

செண்பகவல்லி ஒன்றும் சொல்லவில்லை. தினமும் குடத்தோடு ஷெட்டைத் தாண்டிப் போகும்போது, முடிவு பண்ணியாச்சா என்று மட்டும் கேட்பாள். பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பேன். போய்விடுவாள். ஒரு நாள் லாரி இரண்டு தெரு தள்ளியே நின்றுவிட்டது. அவள் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது. வெறும் குடத்தோடு திரும்பி வந்து, அதை என் கார் பானெட்டின் மேலேயே, அந்தத் தேங்காய் நசுக்கின பள்ளத்தில், வைத்தாள். கோபமாகவா? இல்லை. மெதுவாகத்தான் வைத்தாள்.

"பங்குனி பொறக்குறதுக்குள்ள இந்த வண்டி இந்த எடத்த விட்டு நகரணும். அது நகரலேன்னா, நான் நகர்ந்துக்கிடுதேன்."

எங்கே என்று கேட்டேன். மகள் வீட்டுக்கு. தென்காசியில் மகள் வீட்டு வாசலிலேயே வாய்க்கால் ஓடுகிறது. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அடுத்த நாள் கதவுக்குப் பின்னால் பெட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. தினம் ஒரு புடவை அதற்குள் போகும். நான் பார்க்க வேண்டும் என்றே என் முன்னால் மடித்து வைப்பாள் என்று உங்களுக்குத் தோன்றும். அப்படியெல்லாம் இல்லை, வீடு சின்னது, மடிக்க வேறு இடமில்லை.

எனக்குச் சோறு வடிக்கத் தெரியாது, தம்பி. அதுகூடப் பரவாயில்லை, ஓட்டலில் தின்றுகொள்ளலாம். நான் ஒன்று சொன்னால், ஆமாம் என்றோ பொய் என்றோ சொல்ல வீட்டில் ஒரு ஆள் வேண்டாமா? யாருமில்லாத வீட்டில் நான் யாரிடம் சத்தியம் பண்ணுவது?

சரி, முடிவு பண்ணினேன். முடிவு பண்ணினேன் என்றா சொல்வது? பெட்டி நிரம்பிக்கொண்டே வந்தது, வேறு வழியில்லை, ஒரு நட்டைத் திருகினேன். அவ்வளவுதான். அது கழன்றது. கழன்ற சந்தோஷத்தில் அடுத்ததையும் திருகினேன். பிரிப்பதில் ஒரு போதை இருக்கிறது, அதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒவ்வொன்று வெளியே வரும்போதும் ஏதோ நாமே செய்து முடித்தது போல இருக்கும். கார்புரேட்டர் வந்தது. ஹெட் வந்தது. வால்வு எட்டு. எது எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதே துளைக்குத்தான் திரும்பப் போக வேண்டும், மாற்றிப் போட்டால் சேராது என்று அந்த வெள்ளைச் சட்டைக்காரன் வீடியோவில் சைகையிலேயே மூன்று தடவை சொல்லியிருந்தான். யோசித்தேன். சமையல்கட்டில் நாலு குழி இட்லித்தட்டு இரண்டு இருந்தது. நாலும் நாலும் எட்டு. இதற்கென்றே செய்த மாதிரி. குழிக்கு ஒரு வால்வு, அதனதன் ஸ்பிரிங்கோடு, வரிசை பிசகாமல் அடுக்கி, யார் காலிலும் படாமல் என் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். மறுநாள் காலையில் உப்புமா. செண்பகவல்லி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் மொட்டை எஞ்சின், நாலு சிலிண்டர் இருக்கிற அந்த இரும்புப் பாளம் மட்டும் மிச்சம். ஷெட்டு உத்தரத்தில் சங்கிலி போட்டு ஏற்றினேன். நானே. தனியாக. வெளியே வந்துவிட்டது, தம்பி. காற்றில் ஆடிக்கொண்டு தொங்கியது. அதைச் சாக்கின் மேல் இறக்கும்போது கொஞ்சம் திரும்பினேன் பாருங்கள், இடுப்பில் பளீர் என்று ஒன்று. எஞ்சின் சாக்கில் படுத்தது. நான் அதன் பக்கத்தில் படுத்தேன்.

ஞானதிரவியத்துக்குச் சொல்லி அனுப்பி, அவனும் இன்னொரு ஆளும் என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டார்கள். பின்னறை. ஜன்னல் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்த ஜன்னல். தலையை இந்தப் பக்கம் திருப்பினால் சுவர், அந்தப் பக்கம் திருப்பினால் கதவுக்குப் பின்னால் இருந்த அவள் பெட்டி. ஞானதிரவியம் ஷெட்டுக்குப் போய் எஞ்சினைப் பார்த்துவிட்டு வந்து, சமையல்கட்டு வரை கேட்கிற மாதிரி சொன்னான்:

"சிலிண்டர் நாலும் தேஞ்சு முட்டை மாதிரி ஆயிருக்கு. போர் போடணும், அண்ணாச்சி."

சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி, புது பிஸ்டன் போடுவது. அதற்குத்தான் மெக்கானிக்குகள் போர் போடுவது என்பார்கள். உங்களுக்கும் அதைத்தான் சொல்வார்கள், பாருங்கள். அவன் போகும்போது வாசலில் செண்பகவல்லியோடு நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் சிரித்த மாதிரிகூடக் கேட்டது. என் நிலைமையைப் பார்த்து இரக்கப்பட்டுப் பேசியிருப்பார்கள்.

அவளைக் கூப்பிட்டேன். நாளைக்கே ஆளை வரச் சொல், போன் பண்ணு, எனக்கு எழுந்திருக்க முடியவில்லை என்றேன். கைத்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"என்ன செய்யணும்னு சொல்லுங்க. வாயால சொல்லுங்க."

"போர் போடணும்."

"நீங்கதான சொல்லுதீங்க?"

"நான்தான் சொல்றேன்."

"பெறகு பேச்சு மாறக் கூடாது."

பேச்சு மாறுகிற ஆளா நான்? போர் போடு என்றேன். போட்டே ஆகணும் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கல்யாணமான புதிதில் பார்த்தது. என் எஞ்சின் மேல் இவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்கே பெருமையாகிவிட்டது.

மறுநாள் காலையில் தெருவில் பேச்சுச் சத்தம். பெண்கள் குரல். ஏதோ கிறீச்சிட்டது. பிறகு ஒரு பெரிய லாரி, அதன் பின்னால் இன்னொரு லாரி, வீட்டையே இடிப்பது போல வந்து நின்றது. நாலே நாலு சிலிண்டருக்கு இவ்வளவு பெரிய மிஷினா? வீட்டுக்கே வந்து போட்டுக் கொடுக்கிறார்கள் போல, லேத் பட்டறைக்காரர் மகள் இல்லையா, பேசிச் சாதித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னல் சந்தில் ஒரு தலை தெரிந்தது. கொங்கு நாட்டு ஆள், பேச்சில் அத்தனை பணிவு.

"ஏனுங்க ஐயா, அம்மா உங்களயும் ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொன்னாங்க. எத்தன அடி போலாமுங்க?"

அடியா? சுத்தியலால் அடித்து வேலை பார்க்கிற கூட்டம் போலிருக்கிறது என்று பதறிவிட்டேன். அடிக்கிற வேலையே வைத்துக்கொள்ளாதீர்கள், பழைய சாமான், பதமாகப் போங்கள் என்றேன்.

"பதமாத்தானுங்க போவோம். பாறை வந்துட்டா?"

பாறை மாதிரிதான் இறுகிக் கிடக்கும், எத்தனை நாளாக ஓடாமல் கிடக்கிறது, அதற்காக விட்டுவிடாதீர்கள் என்றேன்.

"கேசிங் போடோணுமுங்களா?"

கேசிங் என்றால் சிலிண்டருக்குள் சொருகுகிற புது உறை என்று நினைத்தேன். அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறீர்களே, போடுங்கள், நல்லதாகவே போடுங்கள் என்றேன். அந்த ஆள் போவதற்கு முன்னால், இத்தனை வீட்டில் வேலை பார்த்திருக்கிறேன், உங்களை மாதிரி விவரமாகப் பேசின வீட்டுக்காரரைப் பார்த்ததில்லை என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

அப்புறம் ஆரம்பித்தது.

சத்தம் என்று சொன்னால் பத்தாது. கட்டில் நடந்தது, தம்பி. என்னை வைத்துக்கொண்டே அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்தது. சுவரில் மாமனார் படம் தலையை ஆட்டியது. ஜன்னல் வழியாக வெள்ளை வெள்ளையாகக் கல்மாவு கொட்டி நான் இட்லிக்கு அரைத்த மாதிரி ஆகிவிட்டேன். அதெல்லாம் போகட்டும். கட்டில் நகர்ந்ததில் அடியில் இருந்த இட்லித்தட்டு இரண்டும் வெளியே வந்துவிட்டன. என் கண் முன்னால். முதலில் தட்டு ஆடியது. பிறகு வால்வு ஆடியது. ஒவ்வொன்றாகக் குழியை விட்டு எழுந்து, உருண்டு, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு போய், நாலாவது குழியில் இருந்தது பெட்டிக்கு அடியில், முதல் குழியில் இருந்தது வாசற்படியில். கையை நீட்டினேன். ஒரு சாண் எட்டவில்லை. இடுப்பு விடவில்லை. செண்பகவல்லீ என்று கத்தினேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு, எது எது எந்தக் குழி என்று மனசில் பிடித்து வைக்கப் பார்த்தேன். எட்டும் எட்டு திசையில் போனால் எந்த மனுஷன் பிடித்து வைப்பான்? கடைசியில் ஸ்பிரிங்குகளும் இறங்கி வந்து சேர்ந்துகொண்டன. படுத்துக்கொண்டே பார்த்தேன். வேறென்ன செய்ய?

பிறகு தெருவே சேர்ந்து ஒரு கூச்சல் போட்டது. ஜன்னல் வழியாக என் முகத்தில் சில்லென்று தண்ணீர் அடித்தது. எஞ்சினுக்குள் ஏது தண்ணீர் என்று நான் யோசித்தேன் பாருங்கள், அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது.

அவள் போன் பண்ணினது கிணற்றுக்குப் போர் போடுகிறவர்களுக்கு. கேசிங் என்று அந்த ஆள் கேட்டதும் கிணற்றுக்குள் இறக்குகிற குழாயைத்தான். இரண்டுக்கும் ஒரே பேர் வைத்திருக்கிறார்களே, அதற்கு அவள் என்ன செய்வாள்? வெகுளி. போர் என்றதும் அவளுக்குத் தண்ணீர்தான் ஞாபகம் வந்திருக்கிறது. காசுக்கு என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். காரை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? எஞ்சின் இல்லாத வண்டி இலவம்பஞ்சாம். ஞானதிரவியம் முதல் நாளே ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி, டயருக்குக் காற்றும் அடித்து வைத்துவிட்டானாம், எதற்கென்று தெரியவில்லை. எதிர்வீட்டுப் பெண்கள் நாலு பேர் பேசிக்கொண்டே தள்ளித் தெருவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் கிறீச் சத்தம் அதுதான். மிஷின் நிற்க ஷெட்டுக் கூரையையும் பிரித்துவிட்டார்களாம்.

தண்ணீர் வேப்பமரத்துக்கு மேலே எழும்பியது. மாடிவீட்டில் காயப்போட்ட வேட்டியை அடுத்த தெருவில் கொண்டுபோய் மடித்து வைத்தது. ஒரு கெண்டை மீன்கூட வந்து விழுந்தது, துள்ளிக்கொண்டு. நான் பார்க்கவில்லை, படுத்திருந்தேனே. ஆனால் டிக்கெட்டின் மேல் சத்தியம்.

செண்பகவல்லி உள்ளே வந்தாள். தலையிலிருந்து கால் வரைக்கும் நனைந்து, சேறு. கையில் ஒரு டம்ளர் தண்ணீர், கலங்கலாக. என் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாள். கீழே உருண்டு கிடந்த வால்வுகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எனக்காக எஞ்சினையே பிரிச்சுப் போட்டீங்களே" என்றாள். "ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க."

வாயைத் திறந்தேன், தம்பி. இல்லை, நான் சொன்னது சிலிண்டர் போர் என்று சொல்லத்தான் திறந்தேன். அவள் அந்தப் பக்கம் திரும்பி, கதவுக்குப் பின்னால் இருந்த பெட்டியைத் திறந்து, மாற்றிக்கொள்ள ஒரு புடவையை எடுத்தாள். பிறகு இன்னொன்றை எடுத்து அலமாரியில் வைத்தாள். அப்புறம் இன்னொன்று. நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தத் தண்ணீர் இன்னும் வாயில்தான் இருந்தது. முழுங்கிவிட்டேன்.

இடுப்பு சரியாகி எழுந்த பிறகு ஞானதிரவியத்தைக் கூப்பிட்டு வால்வுகளைக் காட்டினேன். எட்டையும் கையில் அள்ளிப் பார்த்தான். "இது எஞ்சின் இல்ல அண்ணாச்சி, புளியோதரை" என்றான். மொட்டை எஞ்சின் நிறையக் கல்மாவு போய் இறுகிவிட்டது. அது இப்போது புதுக் குழாய்க்கு அடியில் கிடக்கிறது. குடம் வைக்க அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கிறது என்கிறாள். இட்லித்தட்டு சமையல்கட்டுக்கே திரும்பிப் போய்விட்டது. முதல் தடவை இட்லியில் லேசாக எஞ்சின் ஆயில் வாசனை வந்தது. இரண்டு கூடவே தின்றேன்.

காரா? தெருவில், வேப்பமரத்தடியில் நிற்கிறது. தெருவே எங்கள் வீட்டில்தான் தண்ணீர் பிடிக்கிறது. வரிசை நீளமாக இருந்தால் பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காருக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். நான் சில நாள் முன்சீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பின்னாலிருந்து, "அண்ணாச்சி, சங்கரன்கோவில் ஒரு டிக்கெட்" என்பார்கள். என்ன செய்வது? ரைட் என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்களே பிரிக்கலாமா? பிரிக்க முடியும். அது ஒன்றுமே இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள்? ஒன்றும் சொல்லவில்லையா? செய்யுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை? அப்படியானால் வண்டி எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். வேறு யோசனை சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் இந்த விஷயத்தில் எதையுமே முடிவு பண்ணவில்லை. எனக்கு நடந்தது, அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்று. நீங்கள் சங்கரன்கோவிலில் இறங்கிவிடுவீர்கள். நாங்கள் தென்காசி வரைக்கும் போகிறோம், பேத்திக்குக் காது குத்து. போய்விட்டு இரண்டு பேருமாகத் திரும்பி வந்துவிடுவோம். சின்னப் பெட்டிதான் எடுத்து வந்திருக்கிறாள், நான் பார்த்துவிட்டேன். இந்தக் கதையை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். யார் சொன்னது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் மனசு உடைந்துவிடும், தம்பி. நான் அவளுக்காகத்தான் எஞ்சினைப் பிரித்தேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய வெகுளித்தனத்தால்தான் எல்லாம் நடந்தது என்று தெரிந்தால் தாங்க மாட்டாள்.

அதோ பாருங்கள், அவள் தோள் எப்படிக் குலுங்குகிறது. முந்தானையை வேறு வாயில் அடைத்துக்கொண்டிருக்கிறாள். பஸ் அப்படி. எஞ்சின் தேய்ந்த வண்டி இப்படித்தான் ஆளைப் போட்டுக் குலுக்கும். இதற்கும் போர் போட வேண்டியதுதான்.

என்ன சொல்கிறீர்கள்? பஸ் நிற்கிறதா? ரயில்வே கேட்டா?

டிரைவர் எஞ்சினை எப்போது அணைத்தார்? நான் அப்போது எந்த இடத்தில் இருந்தேன், தேங்காயிலா, இட்லித்தட்டிலா?

தம்பி, கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். அவள் எழுந்து வருகிறாள். கேட்டால், நீங்கள்தான் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டு வந்தீர்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.